பர்ன்அவுட்: ‘எரி’ வேண்டாம், ‘பணித்தேய்வு’ வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

செவிலியருக்கான மனப்பயிற்சிச் செயலி ஒன்றைத் தமிழாக்கும் வேலையில் இரண்டு சொற்களிடம் நிற்கிறேன்: பர்ன்அவுட் (வேலையே ஆளை வற்றவைத்துவிடும் நிலை), மைண்ட்ஃபுல்னஸ் (நிகழ்வதை விழிப்போடு கவனிக்கும் பயிற்சி).

முதலாவதுக்கு ‘எரிந்தடங்கல்’ என்று நம் குழுவில் ஒரு பரிந்துரை வந்தது. 1974-இல் அமெரிக்க உளவியலாளர் ஃப்ராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதியபோதே அந்தச் சொல்லில் நெருப்பு இருந்தது, சரி. ஆனால் நான் இருப்பது ஏர்வாடிக்குப் பக்கம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் போய்விட்டார்கள். மனத்தைப் பற்றிய ஒரு சொல்லில் ‘எரி’ என்று எழுத, இந்தக் கரையில் எனக்குக் கை வரவில்லை.

‘மனச்சோர்வு’ டிப்ரஷனுக்குப் போய்விட்டது. ‘பணிச்சோர்வு’ ஒரு நாள் தூங்கி எழுந்தால் தீரும்; இது தீராது. என் அக்கா கடலோர அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். தொடர்ந்து நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்த ஒரு நாள், “ஓடாத் தேஞ்சு போயிட்டேன்டா” என்றாள். அப்புறம் மெதுவாக, “இப்பல்லாம் பேரே மனசுல நிக்க மாட்டேங்குது. அஞ்சாம் பெட், ஆறாம் பெட்டுன்னுதான் வருது.” பர்ன்அவுட்டை ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் சொன்ன மூன்று கூறுகளில் இரண்டு அதிலேயே இருக்கின்றன: உள்ளம் வற்றிப்போவது, நோயாளியை ஆளாகப் பார்க்க முடியாமல் போவது. தேய்வது உடம்பு மட்டுமில்லை. அதனால் ‘பணித்தேய்வு’.

‘பணி’ முன்னால் நிற்பது முக்கியம். 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் இதை நோயாகச் சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலையாகத்தான் சொன்னது. குறை செவிலியரிடம் இருப்பதுபோல் சொல் ஒலிக்கக் கூடாது. மூச்சுப் பயிற்சி ஆறுதல் தரும். டூட்டிக்கு இன்னொரு ஆளைத் தராது.

மைண்ட்ஃபுல்னஸுக்குப் பலரும் போடும் ‘நினைவாற்றல்’ தவறு, அது ஞாபகசக்தி. ‘முழுக்கவனம்’ என்று அக்காவிடம் காட்டினேன். “டூட்டி பூரா அதுலதானே இருக்கோம், வீட்டுக்கு வந்துமா?” என்று கேட்டாள். பழைய அகப்பொருள் இலக்கண உரைகளில் வரும் ‘கடைப்பிடி’ (கொண்ட பொருள் மறவாமை) மைண்ட்ஃபுல்னஸுக்கு மூலமான பாலி மொழிப் பௌத்தச் சொல் ‘ஸதி’க்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இன்றைக்குத் திரையில் கட்டளையாகத்தான் படும். மனமில்லாமல்தான் விட்டேன். இப்போதைக்கு ‘நிகழுணர்வு’: இந்த நொடியில் நிகழ்வதை, நல்லது கெட்டது என்று பிரிக்காமல் உணர்வது. பொத்தானில் ‘மூச்சைக் கவனியுங்கள்’ போதும்.

‘நிகழுணர்வு’க்கு மேலான சொல் இருந்தால் தாருங்கள், மாற்றிவிடுகிறேன். மற்றதில் ‘தேய்வு’ மாறினாலும் ‘பணி’ மட்டும் போக வேண்டாம்.