போன் மிகவும் மெதுவாகிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

தாமிரபரணிக்கரை:
வணக்கம். என் போன் இரண்டு மாதமாக மிக மெதுவாக இயங்குகிறது. பத்து இலக்கங்களையும் அழுத்தி முடித்த பிறகுதான் முதல் இலக்கமே திரையில் தோன்றுகிறது. புதிது வாங்க இப்போது வசதியில்லை. நாளை மறுநாள் ஊருக்குப் புறப்படுகிறேன், வழி இருந்தால் விரைவாகச் சொல்லுங்கள்.

பனையோலை:
ஆண்ட்ராய்டா, ஐபோனா, வாங்கி எத்தனை ஆண்டுகள், சேமிப்பிடத்தில் எவ்வளவு மிச்சம் என்று எதுவுமே சொல்லவில்லையே? சார்ஜ் நிற்கிறதா?

வைகை71:
ரேமை, அதாவது செயலிகள் இயங்கும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தை, துடைக்கும் செயலி ஒன்றை நிறுவிக் காலையும் மாலையும் ஓடவிடுங்கள். என் போன் அதனால்தான் ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறது.

செம்பருத்தி:
இதற்கு இங்கேயே பலமுறை எழுதியிருக்கிறேன்; தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. துடைக்கும் செயலி வேண்டவே வேண்டாம். ரேமில் இடம் தேவைப்படும்போது ஆண்ட்ராய்டு பழைய செயலிகளைத் தானே மூடிக்கொள்ளும். நீங்கள் வலிந்து மூடினால், அடுத்த முறை முதலிலிருந்து திறக்க வேண்டியிருப்பதால் நேரமும் சார்ஜும் வீணாகும். சேமிப்பிடத்தைப் பாருங்கள். போனின் சேமிப்பிடமான பிளாஷ் நினைவகத்தில் பழைய தரவின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுதாக அழித்த பிறகே எழுத முடியும். காலியிடம் குறைந்துவிட்டால், தேவையான தரவை வேறிடத்துக்கு நகர்த்தி, தொகுதியை அழித்து, அதன்பின் எழுதுகிற வேலை சேர்ந்துகொள்வதால் எல்லாமே தாமதமாகும்.

தாமிரபரணிக்கரை:
மன்னிக்கவும். நான்கு ஆண்டுகளான ஆண்ட்ராய்டு போன், 4 ஜிபி ரேம். 64 ஜிபி சேமிப்பிடத்தில் 61 நிரம்பியிருக்கிறது, பெரும்பாலும் வாட்ஸ்அப் காணொளிகள். சார்ஜ் 30 சதவீதம் இருக்கும்போதே கேமராவைத் திறந்தால் அணைந்துவிடுகிறது. அது வேறு கோளாறு என்று நினைத்துச் சொல்லவில்லை.

கரிசல்காடு:
பழைய போன்களை நிறுவனங்களே வேண்டுமென்று மெதுவாக்குகின்றன. 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டதே.

பனையோலை:
ஒப்புக்கொண்டது உண்மை, காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேட்டரி தேயத் தேய அதன் உள்தடை (உள்ளே மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை) கூடுகிறது; பிராசசர் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து போன் அணைந்துவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் ஐபோன் 6 போன்றவற்றில் வேகத்தைக் குறைத்தார்கள். கேமராவைத் திறந்தால் இவருடைய போன் அணைவதும் அதே காரணத்தால்தான் இருக்கும்.

கரிசல்காடு:
சொல்லாமல் குறைத்ததைத்தான் நான் குற்றம் என்கிறேன். பிரான்ஸ் 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்ததும் அதற்காகத்தான். பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29க்கு இறங்கியதும் மக்கள் கொதித்த பிறகுதான். முன்பே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் புதுப் போன் வாங்கியிருக்க மாட்டார்கள்.

பழுதுமேசை:
அந்த வழக்கு இருக்கட்டும். நான் போன் பழுது பார்ப்பவன். தாமிரபரணிக்கரை, உறையைக் கழற்றிவிட்டு போனைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பின்மூடி எழும்பியிருக்கிறதா?

தாமிரபரணிக்கரை:
வலது விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு விலகியிருக்கிறது. உறை போட்டே வைத்திருந்ததால் கவனிக்கவில்லை.

பழுதுமேசை:
உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜில் போடாதீர்கள், மூடியை அமுக்கி ஒட்டவைக்கவும் பார்க்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். நாளைக்கே கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். புதியதைத் தலையணைக்கு அடியிலோ வெயிலிலோ வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். சார்ஜை எப்போதும் நூறு சதவீதத்திலேயே வைக்காமல் 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருந்தால் நெடுநாள் உழைக்கும்.

செம்பருத்தி:
இதை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தேடிப் படிக்கச் சொன்னது தவறு.

தாமிரபரணிக்கரை:
பேட்டரி மாற்றியாயிற்று. காணொளிகளைக் கணினிக்கு மாற்றியதில் 26 ஜிபி காலியானது. இப்போது எண்கள் அழுத்தியவுடன் வருகின்றன. பேருந்திலிருந்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.

வைகை71:
மகிழ்ச்சி. பேட்டரிக்கு எவ்வளவு ஆயிற்று என்று சொல்ல முடியுமா? என்னுடைய பின்மூடியும் சற்று எழும்பியிருப்பதுபோல் தெரிகிறது.