பிரானேசியின் ரோமை நம்பலாமா?

வழிப்போக்கன்:
1748 வாக்கில் தொடங்கி, 1778இல் இறக்கும்வரை இத்தாலிய ஓவியர் பிரானேசி ரோம் நகரக் காட்சிகளை 135 செப்புத் தகடுகளில் எச்சிங்காக (கீறிய கோடுகளை அமிலத்தால் அரித்து, மை பூசி அச்சிடும் படமாக) வரைந்தார். எல்லாவற்றிலும் ஒரே தந்திரம்தான். பார்வைக் கோணத்தைத் தாழ்த்தி, மனிதர்களைச் சுண்டுவிரல் அளவுக்குக் குறுக்கிவிடுவார். இடிந்த சுவர்கூட மலையாக நிற்கும். அந்தப் படங்களை அறிந்திருந்த ஜெர்மன் கவிஞர் கோதே, 1786இல் ரோமுக்கு வந்து பழைய காரகல்லா குளியல் மண்டபங்களைப் பார்த்தபோது, படத்தில் கண்ட அளவுக்கு இல்லையே என்று எழுதினார். ஒரு ஊரைப் பற்றி ஐரோப்பா முழுக்கப் பொய்யைப் பரப்பியதைக் கலை என்று கொண்டாடுவானேன்?

செப்புத்தகடு:
பொய் என்பது பெரிய வார்த்தை. கட்டடக்கலை படித்தவர் அவர். 1756இல் ரோமின் தொல்சின்னங்களைப் பற்றி நான்கு தொகுதிகள் வெளியிட்டார். கல்லை எப்படி அடுக்கினார்கள், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்றெல்லாம் அதில் ஆராய்ந்திருக்கிறார்.

வழிப்போக்கன்:
அப்படியானால் இன்னும் மோசம். உண்மை அளவு தெரிந்தே கூட்டியிருக்கிறார்!

அரைநிழல்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1879-80இல் வெனிஸைக் கண்டபடியே நேராகத் தகட்டில் கீறினார். அச்சில் இடம் வலமாகிவிடும் என்பது தெரியாதவரா என்ன? அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கரையே திசைமாறி நிற்கிறது, ஆனாலும் அந்த ஈரமும் மங்கலும் வெனிஸ்தான்.

வழிப்போக்கன்:
சரி, விஸ்லர் அதை ஆவணம் என்று விற்கவில்லை. எனக்குப் பதினேழாம் நூற்றாண்டு எச்சிங் ஓவியர் ஹாலர் போதும். அவருடைய லண்டன் நெடுங்காட்சி 1647இல் வந்தது, 1666 தீயில் அந்த நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. இன்றைக்கும் வரலாற்றாசிரியர்கள் அதைத்தானே புரட்டுகிறார்கள்?

செப்புத்தகடு:
உங்கள் ஹாலர் அந்தத் தகட்டை உருவாக்கியது ஆன்ட்வெர்ப்பில் உட்கார்ந்து, முன்பு லண்டனில் வரைந்து வைத்த ஓவியங்களைக் கொண்டு! குளோப் நாடக அரங்கின் பெயரும் கரடிச் சண்டைக் கூடத்தின் பெயரும் அதில் இடம் மாறிக் கிடக்கின்றன.

வழிப்போக்கன்:
அது கைத்தவறு. பிரானேசி செய்தது உள்நோக்கத்தோடு.

செப்புத்தகடு:
உள்நோக்கம்தான் குற்றம் என்றால் பிரெஞ்சு எச்சிங் ஓவியர் மெரியோனையும் கூண்டில் ஏற்றுங்கள். 1850இல் பாரிஸின் சின்னப் பாலத்தை (பெத்தி போன்) வரைந்தவர், பின்னால் தெரியும் நோத்ர தாம் தேவாலயக் கோபுரங்களை வேண்டுமென்றே உயர்த்தினார். ஆற்றங்கரையிலிருந்து பார்த்த பாலமும், தெருவில் நடப்பவன் அண்ணாந்து பார்க்கும் கோபுரமும் ஒரே தகட்டில். அந்த ஊரில் நடந்தவனுக்கு எது நிஜம், சொல்லுங்கள்?

வழிப்போக்கன்:
அதுவும் பொய்க்கணக்கில்தான் சேரும். ஆனால் அந்த அச்சு கிடைத்தால் என் சுவரில் மாட்டுவேன், அது வேறு விஷயம்.