மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை: நாவலை விட்டுட்டு, ஜட்ஜா அவர் என்ன செஞ்சார்?

கூறைநாட்டுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு எட்டாவது படிக்கிறா. பேச்சுப் போட்டிக்கு ‘எங்கள் ஊர்ப் பெரியவர்’னு தலைப்பு. மாயூரம் முன்சீப் பத்திப் பேசச் சொல்லி மிஸ் சொல்லியிருக்காங்க. எங்க தேடினாலும் ‘தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர்’னு ஆரம்பிச்சு அங்கேயே முடிச்சுடுறாங்க. இவளோ, “அம்மா, அவரு கோர்ட்ல என்ன பண்ணாரு?”ன்னு கேக்குறா. எனக்குத் தெரியல. மாமனார் வேற, முன்சீப்னா கிராமத்துல வரி தண்டுறவர்தானே, அவர் எப்படி ஜட்ஜ் ஆவார்னு குழப்பி விட்டுட்டார். தெரிஞ்சவங்க சொல்லுங்க. மூணு நிமிஷம் பேசணும்.

வயக்காட்டான்:
உங்க மாமனார் சொல்றதும் தப்பில்ல. அவர் நினைக்கிறது கிராம முன்சீப். 1816லேயே வந்த ஏற்பாடு. பத்து ரூபாய்க்குள்ள இருக்குற சில்லறை வழக்கை ஊரிலேயே தீர்த்துவைக்கிற அதிகாரம் அவங்களுக்கு இருந்துச்சு, வரி வசூலும் அவங்க தலையிலதான். 1980ல எம்.ஜி.ஆர். ஆட்சியில அந்தப் பரம்பரைப் பதவிகளை எடுத்துட்டாங்க. வேதநாயகம் பிள்ளை ஜில்லா முன்சீப். அது வேற நாற்காலி, கோர்ட் நாற்காலி.

பெஞ்ச்கிளார்க் (ஓய்வு):
அம்மா, நான் முப்பத்தொரு வருஷம் முன்சீப் கோர்ட்டுகள்ல குப்பை கொட்டினவன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்குங்க.

அவர் பிறந்தது 1826, திருச்சிப் பக்கம் குளத்தூர். எடுத்தவுடனே ஜட்ஜ் ஆகல. 1848ல திருச்சி கோர்ட்டில் ரிகார்டு கீப்பர். அதாவது கேஸ் கட்டுகளைக் கட்டி வைக்கிற வேலை. அப்புறம் அதே கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். 1857ல தரங்கம்பாடிக்கு முன்சீப். டேனிஷ்காரங்க அந்த ஊரை இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. பிறகு சீர்காழி, அப்புறம் மாயூரம், அதாவது இப்போதைய மயிலாடுதுறை. மாயூரத்தில மட்டும் பதிமூணு வருஷம். ஊர்ப் பேரு அவர் பேரோட ஒட்டினது அப்படித்தான்.

அந்தக் காலத்து முன்சீப் கோர்ட் சின்ன கோர்ட். லட்சக்கணக்கு வழக்கெல்லாம் அங்க வராது. வர்றது வரப்புத் தகராறு, பிராமிசரி நோட்டு, கொல்லைப்புற வழி, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. ஒரு குடும்பம் ஆயுசுக்கு ஒரு தரம் கோர்ட் படி ஏறுச்சுன்னா, அனேகமா இந்தப் படியாத்தான் இருக்கும்.

இப்ப உங்க பொண்ணு கேட்ட கேள்விக்கு வர்றேன். நாவலைத் தள்ளி வைங்க. என்னைக் கேட்டா, அவர் செஞ்சதிலேயே பெரிய காரியம் ‘சித்தாந்த சங்கிரகம்’. சென்னைல ஐகோர்ட் 1862லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி சதர் அதாலத்துதான் மேல்கோர்ட். அதோட தீர்ப்பு எல்லாம் இங்கிலீஷ்ல. கீழ இருக்குற ஜட்ஜ் அதைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லணும், ஆனா எந்தச் சட்டத்தால தன் நிலம் போச்சுன்னு கட்சிக்காரனுக்குத் தெரியாது. இவர் 1805லிருந்து 1861 வரைக்குமான தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழ்ல போட்டுப் புஸ்தகமா வெளியிட்டார். யாரும் உத்தரவு போட்டுச் செஞ்ச வேலை இல்ல.

இது ஏன் பெரிசுன்னு கேட்டா, நான் பார்த்த ஒண்ணைச் சொல்றேன். எந்த ஊர், எந்த கோர்ட்னு கேக்காதீங்க. தொண்ணூறுகள்ல. வாய்க்கால் ஓரமா நடைபாதை வேணும்னு ஒரு பாட்டி போட்ட வழக்கு, ஆறு வருஷ வாய்தா. அன்னிக்குத் தீர்ப்பு. ஜட்ஜ் இங்கிலீஷ்ல ஒரே வரி படிச்சார்: “சூட் டிக்ரீட் ஆஸ் பிரேய்டு ஃபார், வித் காஸ்ட்ஸ்.” பாட்டி கேட்டதெல்லாம் கிடைச்சுது, செலவையும் எதிராளி தரணும்னு அர்த்தம். வக்கீல் அடுத்த கோர்ட்டுக்கு ஓடிட்டார். பாட்டி என் மேஜைகிட்ட வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுருட்டி வச்சிருந்த பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்து, “எவ்வளவு தம்பி கட்டணும்?”னு கேட்டுச்சு. ‘காஸ்ட்’டுங்கற ஒரு வார்த்தை மட்டும் காதுல விழுந்திருக்கு. தனக்குத்தான் அபராதம்னு நினைச்சுக்கிச்சு. ஜெயிச்ச பாட்டிம்மா!

1956லேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்தாச்சு. 1976ல திருத்தம் போட்டு, கீழ்க்கோர்ட்டுலயும் தமிழ்தான்னு சொல்லியாச்சு. அதுக்கு அப்புறமும் இந்தக் கதை. இவரோ நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி, கட்டு கட்டற மேஜையிலிருந்து ஏறி வந்ததால, வெளித் திண்ணையில உக்காந்திருக்கிறவன் முழி எப்படி இருக்கும்னு பார்த்திருக்கார். 1879ல வந்த அந்த நாவல்லயும் இதை விடல. தமிழ் ஜட்ஜ், தமிழ் வக்கீல், தமிழ்க் கட்சிக்காரன், நடுவுல எதுக்கு இங்கிலீஷ்னு சாடியிருப்பார்.

இன்னொண்ணு. 1859ல ‘நீதிநூல்’ எழுதினார். அதுல ‘கைக்கூலி’ன்னு ஒரு அதிகாரமே உண்டு. கைக்கூலின்னா லஞ்சம். முன்சீப் ஆகி ரெண்டே வருஷத்துல, அதே உத்தியோகத்துல உக்காந்துக்கிட்டே எழுதினது. எங்க ஆபீஸ்ல சிலபேருக்கு அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கணும்னு ஆசைப்பட்டிருக்கேன். கொடுக்கல.

காவிரிக்கரை:
ஐயா சொல்றது சரிதான். ஆனா கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பார்க்கணும். கிழக்கிந்தியக் கம்பெனி சம்பளம் வாங்கினவர். நாடு பத்தி எரிஞ்ச 1857லதான் பதவி. அவரைப் புகழ்ந்தவங்க யாரு? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ‘குளத்துக்கோவை’ பாடினார், கோபாலகிருஷ்ண பாரதியார் ‘நீயே புருஷ மேரு’ன்னு பாடினார். பெரும் புலவர்கள்தான், ஆனா சிநேகிதங்க. சிநேகிதன் வாயால வர்ற புகழை ஜட்ஜ் எப்படி சாட்சியா எடுத்துக்குவார்?

பெஞ்ச்கிளார்க் (ஓய்வு):
நல்லா குறுக்கு விசாரணை பண்றீங்க தம்பி. கம்பெனி சம்பளம்தான், மறுக்கல. அதனாலதான் நான் பாட்டைச் சாட்சி ஆவணமா (எக்ஸிபிட்) போடல, மொழிபெயர்ப்பைப் போட்டேன்.

ஆனா அந்தப் பாட்டு எப்ப வந்துச்சுன்னு பாருங்க. தாது வருஷப் பஞ்சம், 1876லிருந்து 78 வரை. அப்ப அவர் கையில உத்தியோகம் கிடையாது, விட்டாச்சு. கைப்பொருளைப் போட்டு ஜனங்களுக்குக் கஞ்சி ஊத்தினார். அதைப் பார்த்துட்டுத்தான் பாரதியார் பாடினார். நாற்காலியில இருக்கறவனைப் பாடினா ஆதாயம் உண்டு. இறங்கினவனைப் பாடி என்ன கிடைக்கும்? பாடினவர் சைவர், பாட்டு வாங்கினவர் கத்தோலிக்கர். அதையும் சேர்த்துக்குங்க.

வயக்காட்டான்:
பொண்ணு பேசறதால இதையும் சொல்லச் சொல்லுங்க: 1869ல பெண்கல்விக்காக ‘பெண்மதிமாலை’ எழுதினார். மாயூரம் நகரசபைத் தலைவராவும் இருந்தார். 1889ல காலமானார். வருஷங்களை மனப்பாடம் பண்ண வேணாம், மார்க் போகாது.

கூறைநாட்டுக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாட்டி கதையில ஆரம்பிச்சு முன்சீப்கிட்ட போகப்போறாளாம். “முந்தானை முடிச்சை நடிச்சே காட்டுவேன்”னு துண்டை எடுத்துக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள சுத்துறா. பெஞ்ச் கிளார்க் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். இதை எல்லாம் படிச்சுக் காட்டினதும் மாமனார் எழுந்து போய்ப் பீரோவிலிருந்து ஒரு பழைய கோர்ட் டிக்ரி (தீர்ப்பாணை) காப்பியைக் கொண்டுவந்து வச்சிருக்கார். 1983. முழுக்க இங்கிலீஷ். தோப்பு வழக்கு, தோத்துட்டோம்னுதான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கார். படிச்சுச் சொல்ல முடியுமா?

பெஞ்ச்கிளார்க் (ஓய்வு):
தாராளமா. இங்க பொதுவுல போடாதீங்கம்மா, பேரும் சர்வே நம்பரும் இருக்கும். தனிச் செய்தியில அனுப்புங்க. முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினா பத்தாது. கடைசியில சொத்து விவரத் தாள் தனியா தச்சிருக்கும், பாதிப் பேரு அதைக் கிழிச்சு வேற எங்கயாவது வச்சிருப்பாங்க. அது இருக்கான்னு முதல்ல பாருங்க.