தங்கைக்குப் போகும் வயலில் நான் குத்தகைக்காரனா?

வட்டைக்காரன்:
எங்கள் வயல் மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் 3 ஏக்கர். அப்பாவின் பெயரில் அரசு அனுமதியாகக் கொடுத்த உத்தரவுப் பத்திரக் காணி. பதினாறு வயதிலிருந்து அதில் நான்தான் நிற்கிறேன். அண்ணன் கட்டாரில். தங்கைக்கு ஆவணியில் கலியாணம்.

வீடும் வளவும் பெண் பிள்ளைக்கு என்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நானே மனைவி வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் வயலும் சீதனமாம். அதை அப்பா என்னிடம் சொல்லவில்லை. உர மூடையைத் தோளில் ஏற்றும்போது கடைக்காரர், "இனி மச்சான் பெயரில்தான் கடன் கொப்பி போலிருக்கிறது" என்று சிரித்தார். மூடையை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த மாரிப்போகத்தில் பயிர் மஞ்சளித்து நின்றபோது மனைவியின் காப்பு இரண்டையும் அடகு வைத்தேன். ஒன்று இன்னும் திரும்பவில்லை. யானைக் காவலுக்குப் பரணில் படுத்த இரவுகளுக்குக் கணக்கே இல்லை.

வாடியில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போதும் அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை. "தண்ணீர் திறந்துவிட்டார்களா?" அவ்வளவுதான். அண்ணன் விற்றுப் பங்கு போடச் சொல்கிறான். எங்கள் வரம்பு எதுவென்றே அவனுக்குத் தெரியாது.

காணி தங்கைக்கே போகட்டும், நான் குத்தகைக்குச் செய்கிறேன் என்று கேட்கலாமா? சொந்தத் தங்கைக்கு யாராவது குத்தகை நெல் அளந்திருக்கிறீர்களா?

பழைய எழுதுவினைஞர்:
தம்பி, முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இந்தக் காணியை அண்ணன் நினைப்பதுபோல் விற்க முடியாது. பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாத கைமாற்றம் செல்லாது. நொத்தாரிசு சீதன உறுதி எழுதித் தந்தாலும் அது வெறும் காகிதம். அப்பாவுக்குப் பிறகு காணி யாருக்கு என்று எழுதும் பின்னுரித்தாளர் பகுதியில் யார் பெயர் இருக்கிறது? பெயர் குறிக்காவிட்டால் முன்பு ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். அம்மா இருக்கிறாரா? இருந்தால் அப்பாவுக்குப் பிறகு அவர் காலம்வரை காணி அவரிடம்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கு இதை யாராவது சொன்னார்களா?

களவெட்டி:
அந்த மாப்பிள்ளைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா? அதை முதலில் விசாரியுங்கள்.

வெல்லாவெளிக்காரி:
எனக்கும் வயல் சீதனமாக வந்தது. ஒன்பது வருடமாக அண்ணன்தான் செய்கிறார். முதல் போகத்தில் குத்தகை கேட்க வெட்கப்பட்டேன். மூன்றாம் வருடம் சண்டை பிடித்தேன். பிறகுதான் ஒரு கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். வெள்ளம் அடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுத மறந்ததால் நாங்கள் ஒரு மாரி முழுதும் பேசவில்லை.

இன்னொன்று. நீங்கள் எழுதியதில் அப்பா, அண்ணன், உரக்கடைக்காரர்கூடப் பேசுகிறார்கள். தங்கை ஒரு சொல்லும் பேசவில்லையே?

வட்டைக்காரன்:
அது சுட்டது. நேற்றுப் போய்க் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வயலைக் கேட்கவே இல்லையாம். "அவனுக்கு மாமனார் வீட்டில் இருக்கிறது" என்று அப்பாவே முன்வந்து சொன்னாராம். என் மாமனாரிடம் இருப்பது தென்னை நிற்கும் கால் ஏக்கர்.

பத்திரத்தைத் தங்கைதான் ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ஒரு மூலையைக் கறையான் தின்றிருக்கிறது. பின்னுரித்தாளர் பகுதி வெறுமையாக இருக்கிறது. அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "நான் இன்னும் சாகவில்லை" என்றார்.

குத்தகைப் பேச்சை எடுத்தேன். "ஏக்கருக்கு எத்தனை மூடை தருவாய்?" என்று தங்கை கேட்டாள். சிரிக்கவில்லை.