அஞ்சல் விமானிகளைக் கொன்றது மேகமா, கால அட்டவணையா?

உறை_சேகரன்:
நேற்று லேத்துப்பட்டறை அண்ணன் இப்படி எழுதியிருந்தார்: "ஆரம்பகால அஞ்சல் விமானிகள் செத்தது தொழில்நுட்பத்தின் பிள்ளைப்பருவம். யாரையும் குறை சொல்ல முடியாது." எனக்கு இது ஒப்பவில்லை. விபத்தில் கருகிய, தண்ணீரில் ஊறிய அஞ்சல் உறைகளைப் பல வருஷமாகச் சேர்ப்பவன் நான். ஒவ்வொரு உறைக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தால் வானிலை மட்டும் தெரிவதில்லை, ஒரு கட்டளையும் தெரிகிறது.

அமெரிக்காவில் 1918 மே 15 அன்று வாஷிங்டன் – பிலடெல்பியா – நியூயார்க் சேவை தொடங்கியது. ஆகஸ்டில் ராணுவத்திடமிருந்து அஞ்சல் துறையே அதை எடுத்துக்கொண்டது. பொறுப்பில் இருந்தவர் ஓட்டோ பிரேகர். விமானி அல்ல, பத்திரிகையாளராக இருந்து அதிகாரியானவர். ரயில் நேரம் தவறாமல் கிளம்புவதைப் போல விமானமும் கிளம்ப வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 1919 ஜூலையில் நியூயார்க் பெல்மாண்ட் பார்க் விமான மைதானத்தில் தரையே தெரியாத பனிமூட்டம். ஒரு விமானி பறக்க மறுத்தார். அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்டவரும் மறுத்தார். இரண்டு பேரையும் வேலையை விட்டு நீக்கினார் பிரேகர். மற்ற விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

எப்படி முடிந்தது தெரியுமா? இந்த வானிலையில் பறக்கலாம் என்று நிலைய மேலாளர் சொன்னால், முதலில் அவரே விமானத்தில் ஏறி மைதானத்தைச் சுற்றிவர வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். கட்டளை போடுகிறவரின் உயிரையும் ஒரு நிமிஷம் பணயம் வைக்கச் சொன்னதும் நியாயம் வந்துவிட்டது. வானிலைதான் கொன்றது என்றால் இந்த ஏற்பாடு எதற்கு?

லேத்துப்பட்டறை:
சேகரன் தம்பி, வேலைநிறுத்தக் கதை உண்மைதான். ஆனால் அந்த மனிதர்கள் எதில் பறந்தார்கள் என்று பாருங்கள். நாற்பது வருஷம் எஞ்சினோடு மல்லுக்கட்டியவன் என்பதால் எனக்கு முதலில் அதுதான் கண்ணில் படுகிறது.

டிஹெச்-4 என்பது போருக்குச் செய்த விமானம். முன்னால் 400 குதிரைத்திறன் லிபர்ட்டி எஞ்சின், அடுத்து விமானி, அவர் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் டாங்க். மூக்கு குத்தி விழுந்தால் எஞ்சினுக்கும் டாங்குக்கும் நடுவில் மனிதன் நசுங்குவான், அப்புறம் தீ. அஞ்சல் துறை அதை அப்படியே ஓட்டவில்லை. விமானியைப் பின் இருக்கைக்கு மாற்றி, தபால் பைகளை முன்னால் வைத்தார்கள். கற்றுக்கொண்டு திருத்தினார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

மேகத்துக்குள் போனால் இறக்கை நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் கருவி அன்றைக்கு இல்லை. உடம்பு சொல்வதை நம்பினால் சுழன்று கீழே போவோம். ரேடியோ கிடையாது. முன்னால் உள்ள ஊரில் மழையா வெயிலா என்பது தந்தி வந்தால்தான் தெரியும். யார் அதிகாரியாக இருந்தாலும் ஆட்கள் செத்திருப்பார்கள்.

அந்த அட்டவணைதான் நமக்கு வெளிச்சத்தையும் கொடுத்தது. சான்பிரான்சிஸ்கோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே விமானிகள் மாறி மாறி இரவும் பகலும் தபால் கொண்டுபோகும் சோதனை ஓட்டம் அது: 1921 பிப்ரவரி 22 இரவு ஜாக் நைட் என்ற விமானி, நார்த் பிளாட்டிலிருந்து ஒமாஹாவுக்கு வந்தார். அங்கே மாற்று விமானி இல்லை. பழக்கமில்லாத வழியில், சாலை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு சிகாகோ வரை அவரே போனார். வழியில் ஊர்க்காரர்கள் தீமூட்டி வழிகாட்டினார்கள். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு 33 மணி 20 நிமிடத்தில் தபால் சேர்ந்தது. அதற்கப்புறம்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணம் ஒதுக்கியது. 1924ல் கோபுர விளக்குகள் வழிகாட்ட, இரவு அஞ்சல் வழக்கமான சேவையானது. நேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற அழுத்தம் இல்லையென்றால் அந்த விளக்குகளை யார் நட்டிருப்பார்கள்?

உறை_சேகரன்:
டிஹெச்-4 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் அண்ணா. அப்படியானால் ஜேஎல்-6 கதையையும் சொல்லுங்கள்.

1920ல் பிரேகர் ஆசைப்பட்டு வாங்கிய உலோக விமானம் அது. பெட்ரோல் குழாய் எஞ்சின் அதிர்வில் விரிசல் விட்டு ஒழுகி, தீப்பிடிக்கும். செப்டம்பர் 1ஆம் தேதி மேக்ஸ் மில்லர் தன் மெக்கானிக்கோடு நியூஜெர்சியில் எரிந்து விழுந்தார். அஞ்சல் துறை வேலைக்கு எடுத்த முதல் விமானி அவர். அனுபவக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அதே மாதம் 14ஆம் தேதி ஒஹாயோவில் இன்னொரு ஜேஎல்-6 விழுந்தது. அதிலும் இரண்டு பேர். நடுவில் பதிமூன்று நாள் இருந்தது. முதல் தீக்கு அப்புறமும் அந்த வகை விமானத்தைப் பறக்கவிட்டது மேகமா?

இன்னொன்று. ஜாக் நைட் கதையில் ஒரு பெயரை விட்டுவிட்டீர்கள். அதே ஓட்டத்தில் கிழக்கு நோக்கிக் கிளம்பிய வில்லியம் லூயிஸ் நெவாடாவில் எல்கோவில் விழுந்து செத்தார். நியூயார்க்கிலிருந்து மேற்கே கிளம்பிய விமானங்கள் வானிலையால் சிகாகோவைத் தாண்டவில்லை. பிப்ரவரிக் குளிரில் இதை ஏன் செய்தார்கள்? மார்ச் 4ல் புதிய ஆட்சி வருகிறது, அஞ்சல் விமானத்துக்குப் பணம் கிடைக்குமா என்ற கவலை. வசந்தம் வரை காத்திருக்க அரசியல் விடவில்லை.

வரலாற்று_மாணவி:
இருவருக்கும் வணக்கம். 1934ஐத் தொடாமல் இந்த விவாதம் முடியாது என்று நினைக்கிறேன்.

அப்போது தபாலைச் சுமந்துகொண்டிருந்த தனியார் விமான நிறுவனங்களுக்குக் கொடுத்த அஞ்சல் ஒப்பந்தங்களில் கூட்டுச்சதி நடந்ததாக செனட் குழு விசாரித்தது. பிப்ரவரி 9ல் அதிபர் ரூஸ்வெல்ட் ஒப்பந்தங்களை ரத்து செய்தார். 19ஆம் தேதியிலிருந்து ராணுவ விமானப் பிரிவு தபாலைச் சுமக்க வேண்டும். பத்தே நாள் அவகாசம். முடியும் என்று சொன்னவர் அதன் தலைவர் ஃபுல்வா. பல ராணுவ விமானங்கள் திறந்த காக்பிட், விமானிகளில் பெரும்பாலோர் கருவியை மட்டும் நம்பிப் பறந்து பழகாதவர்கள், அதுவும் கடுங்குளிர்காலம். சேவை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பே, ஒத்திகையில் மூன்று பேர் இறந்தார்கள். மொத்தம் 12 பேர்.

லேத்துப்பட்டறை ஐயா, 1918ல் கருவி இல்லை என்றீர்கள். 1934ல் கருவி இருந்தது. எல்லா விமானத்திலும் பொருத்த நாள் போதவில்லை.

லேத்துப்பட்டறை:
1934 பற்றி உங்களோடு சண்டை இல்லையம்மா. ஆனால் அதைச் "சட்டப்படியான கொலை" என்று கத்திய ரிக்கன்பேக்கர் யார்? விமான நிறுவனத்தின் ஆள். ஒப்பந்தம் போகிற கடைசி இரவில் விமானி ஜாக் ஃபிரையோடு சேர்ந்து டிசி-1 என்ற புதிய பயணிகள் விமானத்தில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நூவர்க்குக்கு 13 மணி 4 நிமிடத்தில் தபாலைக் கொண்டுபோய்க் காட்டியவர். அவர் கோபத்தில் வியாபாரமும் இருந்தது.

சேகரன் தம்பிக்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று தருகிறேன். 1932 அக்டோபர் 15ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு பஸ் மாத் என்ற சிறு விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். ரேடியோ இல்லை, வழிகாட்டும் விளக்கும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பருவமழை வேறு. ஆனாலும் முதல் வருஷம் முழுக்க ஒரு தபால்கூட கராச்சியில் லண்டன் விமானத்தின் இணைப்பைத் தவறவிடவில்லை என்று அரசே பாராட்டி எழுதியது. நேரம் தவறாமை கொல்லும் என்றால் இது எப்படி?

உறை_சேகரன்:
நல்ல உதாரணம். ஆனால் அது என் பக்கம் நிற்கிற உதாரணம். அந்தச் சேவை வாரம் ஒரு முறை, பகலில் மட்டும். இரவு அஞ்சல் இந்தியாவில் 1949ல்தான் வந்தது. மழைக்காலத்தில் பம்பாயின் ஜுஹு விமான மைதானம் தண்ணீரில் மூழ்கியபோது புனேவுக்கு மாற்றிக்கொண்டார்கள். முக்கியமாக, அட்டவணை போட்டவர்களே விமானமும் ஓட்டினார்கள். டாடாவுக்கும் வின்சென்டுக்கும் மேகத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிரேகரிடம் நான் தேடுவது இதைத்தான்.

வரலாற்று_மாணவி:
என்னை உறுத்துவது வேறொன்று. 1918 முதல் 1927 வரை அஞ்சல் துறைச் சேவையில் முப்பதுக்கும் மேற்பட்ட விமானிகள் செத்தார்கள். நாடு பெரிதாக அசையவில்லை. 1931 மார்ச் 31ல் கன்சாஸ் மாநிலத்தில் ஃபோக்கர் எஃப்-10 பயணிகள் விமானம் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அதிலும் தபால் இருந்தது. ஆனால் இறந்தவர்களில் ஒருவர் நூட் ராக்னி, நாடறிந்த அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். உடனே எல்லாம் மாறியது. மர இறக்கைக்குள் ஈரம் புகுந்து பசை விட்டுப்போனதுதான் காரணம் என்று போனது விசாரணை. அந்த வகை விமானங்களைத் தரையில் நிறுத்தினார்கள். விபத்துக் காரணங்களை வெளியிடாமல் வைத்திருந்த அரசு, பத்திரிகைகளின் நெருக்கடியில் பேச வேண்டியதாயிற்று. உலோக விமானத்துக்கு நிறுவனங்கள் அவசரமாக மாறியதில் இந்த ஒரு விபத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ராக்னிக்காக நிறுத்திய விமானத்தை மில்லருக்காக ஏன் நிறுத்தவில்லை? தபால் பையோடு போனவன் சம்பளத்துக்குப் போனவன் என்பதாலா?

லேத்துப்பட்டறை:
இரண்டு நாளாக யோசித்தேன். ஜேஎல்-6 பற்றி என்னிடம் பதில் இல்லை. குழாய் வெடிப்பது பட்டறைக்காரனுக்குப் புதிதல்ல. ஒன்று எரிந்தால் அதே வகையில் மிச்சமுள்ள எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்காமல் வெளியே விடக்கூடாது. இது எந்தக் காலத்திலும் தெரிந்த வேலைதான். 1920ஐப் பிள்ளைப்பருவம் என்று சொல்லி நான் அதை மூடியது தப்பு.

ஆனால் விளக்குக் கோபுரங்கள் பற்றிய என் பேச்சை விட்டுக்கொடுக்க மாட்டேன். பகலில் மட்டும் பறந்திருந்தால், இரவெல்லாம் ஓடும் ரயிலைவிடப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தியிருக்க முடியாது. சேவையையே மூடியிருப்பார்கள்.

முந்தைய என் பதிவில் ஜாக் நைட் பத்தியைத் திருத்தப் போகிறேன். எல்கோவும் வில்லியம் லூயிஸ் பெயரும் அதில் சேரும்.