டிமென்ஷியா உள்ள அம்மாவிடம் குரல் உயர்ந்துவிடுகிறது, ராத்திரி 2 மணிக்கு என்ன செய்வது?

நொய்யல்:
அம்மாவுக்கு வயது 78. டிமென்ஷியா (மறதி நோய்), நடுக்கட்டம். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று பையைத் தூக்கிக்கொள்கிறார். ராத்திரி மூன்று நாலு தடவை எழுகிறார். பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். அதே கேள்வி பத்தாவது முறை வரும்போது கத்திவிடுகிறேன், அப்புறம் நாள் முழுக்க உறுத்தல். "முதல்ல உன்கிட்ட நீ அன்பா இரு" என்கிறார்கள். அதை எப்படிச் செய்வது என்று ஒருவரும் சொல்வதில்லை. செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

கதிர்மணி:
இந்த அலைச்சல் வெகுநாளாக இருக்கிறதா, இல்லை நாலைந்து நாளில் திடீரென்று கூடியதா? திடீரென்று என்றால் டிமென்ஷியா முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, சொல்லத் தெரியாத வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று ஏதாவது இருக்கும். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் கூடலாம். டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தூக்கம் வரட்டும் என்று மெடிக்கலில் சளி, அலர்ஜி மாத்திரை வாங்கிக் கொடுப்பது பல வீடுகளில் உண்டு. அவற்றில் பல, குழப்பத்தை இன்னும் கூட்டும்.

வெகுநாளாக இருப்பதுதான் என்றால், இருட்டும் முன்பே எல்லா லைட்டையும் போட்டுவிடுங்கள். சுவரில் விழும் நிழலே சிலரை மிரட்டும். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். பகல் தூக்கம் அரை மணியோடு நிற்கட்டும்.

"இதுதாம்மா நம்ம வீடு" என்று நிரூபிக்கப் போனால் சண்டையில்தான் முடியும். அவர் தேடுவது பெரும்பாலும் பழகிய இடத்து நிம்மதியை. "போலாம்மா. அந்த வீட்டுல கிணறு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேளுங்கள். பேச்சு அந்தப் பக்கம் போனதும் கையைப் பிடித்து வீட்டுக்குள்ளேயே ஒரு நடை நடத்திவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடத்தில் பையை அவரே கீழே வைப்பதும் உண்டு, வைக்காத நாளும் உண்டு.

இளவேனில்:
உங்கள் நேர்க் கேள்விக்கு வருகிறேன். தன்னிடம் கனிவாக இருப்பதை ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் அதற்கு மூன்று கூறுகள் சொன்னார்: தன்னைத் திட்டாமல் இருப்பது, இந்தப் பாடு மனிதர் எல்லோருக்கும் உள்ளது என்று உணர்வது, நடப்பதைப் பெரிதாக்காமலும் மூடி மறைக்காமலும் பார்ப்பது. ராத்திரி 2 மணிக்கு அது இப்படி இருக்கும்:

குரல் ஏறுகிறது என்று தெரிந்ததும் அம்மாவைக் கட்டிலில் உட்கார வையுங்கள். வாசல் தாழ்ப்பாள், கேஸ் இரண்டும் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டு நிமிடம் அடுத்த அறைக்குப் போங்கள். இது விட்டுவிட்டுப் போவதாகாது. நாலு எண்ணி மூச்சை இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள், ஆறேழு தடவை. வெளிமூச்சு நீளமாக இருந்தால் படபடப்பு இறங்க உதவும். பிறகு உங்கள் பேச்சுமொழியிலேயே சொல்லுங்கள்: "கஷ்டமாத்தான் இருக்கு. யாரா இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். இப்ப எனக்கு என்ன வேணும்?" பதில் ஒரு தம்ளர் தண்ணீராக இருக்கலாம், நாளை தங்கைக்கு ஒரு போன் போடுவதாக இருக்கலாம்.

பலர் தவறுவது இங்கேதான்: "நான் அன்பானவள், பொறுமைசாலி" என்று சொல்லிக்கொள்வார்கள். கத்தி முடித்த கையோடு மனசு அதை நம்பாது, எரிச்சல்தான் கூடும். இன்னொன்று, கனிவாகப் பேச ஆரம்பித்ததும் சிலருக்கு அடக்கிவைத்த அழுகை பொத்துக்கொண்டு வரும். பயப்பட வேண்டாம், அதிகமானால் நிறுத்திவிட்டு உள்ளங்கால் தரையில் பதிவதைக் கவனியுங்கள்.

கத்திவிட்டால்? ஏன் கத்தினேன் என்று விளக்க வேண்டாம். என்ன சொன்னீர்கள் என்பது அவருக்கு மறந்துவிடும், ஆனால் கலக்கம் மட்டும் தங்கும். பக்கத்தில் உட்கார்ந்து, கண் மட்டத்தில் முகம் வைத்து, தாழ்ந்த குரலில் "சாரிம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றால் போதும்.

வாசல்திண்ணை:
இளவேனில் சொன்னது சரி. ஆனால் தூக்கமில்லாத உடம்பில் எந்தப் பயிற்சியும் நிற்காது. ராத்திரி பத்திலிருந்து மூன்று வரை ஒருவர், மூன்றிலிருந்து எட்டு வரை ஒருவர் என்று பிரித்தால் ஆளுக்கு ஐந்து மணி நேரம் தடையில்லாத தூக்கம் கிடைக்கும். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது இப்படி அமைந்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

உறவினரிடம் "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. "ரெண்டாவது சனிக்கிழமை காலைல 9-லேர்ந்து 1 மணி வரைக்கும் நீ வா" என்று கேளுங்கள்.

நொய்யல்:
அண்ணன் வெளியூர். வரமாட்டார். வந்தாலும் அம்மாவைச் சமாளிக்கத் தெரியாது.

வாசல்திண்ணை:
வர முடியாதவர் பணம் தரலாம். பகல்நேர அட்டெண்டர் சம்பளத்தில் இத்தனை நாள் உன் பங்கு என்று கணக்காகச் சொல்லுங்கள். மருந்து வாங்கி அனுப்புவது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடுவது, தினமும் 6 மணிக்கு வீடியோ காலில் அம்மாவிடம் பேசுவது எல்லாம் தூரத்திலிருந்தே முடியும்.

"தெரியாது" என்பதற்கு ஒரு தாள் போதும். மாத்திரை நேரம், எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், குளிக்க மறுத்தால் காலிலிருந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பிப்பது, எந்தப் பாட்டுக்கு அடங்குவார், டாக்டர் நம்பர். எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அப்புறம் வெளியே போங்கள். திரும்பி வந்து "சேலையை இப்படியா கட்டிவிடுவே?" என்று குற்றம் கண்டுபிடித்தால் அடுத்த முறை ஒருத்தரும் வரமாட்டார்கள். அட்டெண்டருக்கும் இதே நியாயம்தான், மதியம் ஒரு மணி நேரமாவது அவரைத் தனியாகச் சாப்பிட்டுப் படுக்க விடுங்கள்.

இளவேனில்:
ஒன்று விட்டுப்போனது. அம்மாவை அடிக்கக் கை ஓங்குவது, "ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தா நல்லது" என்ற நினைப்பு வருவது, பல நாளாகப் பசியே இல்லாதது, இதில் எது இருந்தாலும் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதியோர் தொடர்பான உதவிக்கு 14567, அது பகலில்தான். படுக்கையோடு ஆகிவிட்டால், 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள். பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.