நனோ மஞ்சள் கப்சூல்: விலைக்கேற்ற பயன் உண்டா?

கேள்வி (கல்லடி):
முழங்கால் வலிக்காக அப்பா பல மாதங்களாக மஞ்சள் தூளை வெந்நீரில் கலந்து குடித்து வருகிறார். அண்மையில் மட்டக்களப்பு நகரக் கடையொன்றில் 'நனோ குர்குமின்' கப்சூல்களைக் கண்டேன். விலை சாதாரண மஞ்சள் கப்சூலைவிடப் பல மடங்கு. நனோ என்பது வெறும் விளம்பரமா? அப்பா இருதய வருத்தத்துக்கு வார்பரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1 (வந்தாறுமூலை):
வெறும் விளம்பரமன்று. மஞ்சளின் முக்கிய வேதிப்பொருளான குர்குமின், மஞ்சள் தூளில் ஏறத்தாழ 3 சதவீதந்தான். அதுவும் நீரில் கரையாது. குடற்சுவருக்குள் நுழையும் சிறிதளவையும் அச்சுவரும் ஈரலும் உடனே குளுக்குரோனைட்டாக (உடல் எளிதில் வெளியேற்றக்கூடிய, நீரில் கரையும் வடிவமாக) மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. சில பத்து முதல் சில நூறு நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) வரையான கொழுப்புத் துணிக்கைக்குள் குர்குமினை அடைத்தால், அது பித்த உப்புகளோடு கலந்து குடற்சுவரை எளிதில் அடைவதுடன், ஒரு பகுதி நிணநீர் வழியாகச் சென்று குருதியில் சேருமுன் ஈரலில் மாற்றப்படுவதைத் தவிர்க்கவும் கூடும். நாம் குப்பையில் எறியும் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசனும் இவ்வாறு பயன்படுகிறது. அது குடலின் சளிப்படலத்தில் ஒட்டிக்கொண்டு மருந்தை அங்கேயே கூடிய நேரம் நிறுத்தி வைக்கும்.

பதில் 2 (அக்கரைப்பற்று, சித்த வைத்தியர்):
நனோ துணிக்கை இல்லாமலும் உறிஞ்சலைக் கூட்டலாம். 1998இல் வெளியான பெங்களூர் ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பிப்பெரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது மனிதரில் உறிஞ்சல் 20 மடங்கானது. பாலில் மஞ்சளோடு மிளகிடும் நம் வழக்கம் வீண்போகவில்லை. ஆனால் 'இத்தனை மடங்கு' என்று போத்தலில் எழுதுவதை நான் அப்படியே நம்புவதில்லை: பல ஆய்வுகள் மாற்றமடைந்த குளுக்குரோனைட்டையும் சேர்த்தே குருதியில் எண்ணுகின்றன. குருதியில் கூடியது முழங்காலுக்கு எட்டியது என்றும் ஆகாது.

பதில் 3 (கல்முனை, மருந்தாளர்):
சகோதரி, வார்பரின் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மஞ்சள் அதன் விளைவைக் கூட்டி இரத்தக் கசிவுக்கு இட்டுச் செல்லலாம். உறிஞ்சலைக் கூட்டிய மஞ்சளில் அந்த அபாயமும் கூடும். பிப்பெரின் வேறு மருந்துகளை உடைக்கும் ஈரல் நொதியங்களையும் தடுப்பது. 2019இல் இத்தாலியில் மஞ்சள் கப்சூல் எடுத்த பலருக்கு ஈரல் அழற்சி பதிவானதும் நினைவிருக்கட்டும். கப்சூலை இப்போது வாங்க வேண்டாம். வெந்நீரில் குடிக்கும் மஞ்சளைப் பற்றியும் கிளினிக்கில் சொல்லி, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைச் செய்வியுங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. அப்பா அந்த வெந்நீரில் மிளகுத் தூளும் போட்டே குடிக்கிறார் என்று அம்மா இப்போதுதான் சொன்னார். நாளை காலை கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறேன்.